நான் கட்டிவிட்ட கை

எனக்கு நன்றாக விழத் தெரியும், ஐயா. முதலில் முழங்கால் மடங்க வேண்டும், பிறகு இடுப்பு, அதன் பிறகு தோள். தலை கடைசியாகத்தான் தரைக்கு வர வேண்டும். அதுவும் பட்டதுபோல் தெரிய வேண்டுமே தவிரப் படக் கூடாது. மூன்று படங்களில் பதினொரு தடவை விழுந்திருக்கிறேன். ஒரு தடவைகூடத் தலை தரையில் பட்டதில்லை. பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. ஒரு வேலையை எடுத்தால் ஒழுங்காகச் செய்கிற ஆள் நான் என்பது உங்களுக்கு விளங்கினால், மற்றவற்றைச் சொல்வது சுலபம்.

நீங்கள் இந்தப் பக்கத்து ஆள் இல்லை என்று பேச்சில் தெரிகிறது. ஆகவே 'முதிரை' படங்களைப் பார்த்திருக்க மாட்டீர்கள். சமாதான காலத்தில், இரண்டாயிரத்து மூன்றுக்கும் ஐந்துக்கும் இடையில், வவுனியாவில் வைத்து வீடியோவில் எடுத்த குத்துச்சண்டைப் படங்கள் அவை. முதிரை, முதிரை இரண்டு, முதிரை மூன்று. முதிரை மரத்தில் ஆணி லேசில் இறங்காது. கதாநாயகனுக்கு அந்தப் பெயர். வயல் வேலை செய்கிறவன். ரிங்கில் ஏறினால் அவனை விழுத்த ஆள் கிடையாது. அவனோடு மோதுகிறவனின் பெயர் கரடி. காட்டுக்குள்ளிருந்து வந்தவன், கறுப்பன், வாய் திறந்து நாலு வார்த்தை பேசாதவன். முதல் இரண்டு ரவுண்டிலும் முதிரையை அடித்து நொறுக்குவான். மூன்றாவது ரவுண்டில் விழுவான். மூன்று படத்திலும் கதை இதுதான். சனத்துக்கு அலுக்கவேயில்லை.

முதிரையாக நடித்தவர் செல்வநாயகம். கரடி நான்.

செல்வநாயகத்தின் தகப்பன் யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டத்தில் வந்து குளத்துக்குக் கீழே வயல் பெற்றவர். நாங்கள் எழுபத்தேழு கலவரத்தில் மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து அடித்து விரட்டப்பட்டு, லொறியில் வந்து இறங்கியவர்கள். அப்போது எனக்கு இரண்டு வயது. அவர்களுடைய வயலில் என் அப்பா வரப்புக் கட்டினார். இதையும் ஒரு மனக்குறையாகச் சொல்லவில்லை. யாரை முதிரையாகப் போடுவது, யாரைக் கரடியாகப் போடுவது என்று படம் எடுத்தவர் அதிக நேரம் யோசிக்கவில்லை என்பதற்காகச் சொல்கிறேன். செல்வநாயகம் நல்ல வெள்ளை. என்னிடம் உடம்பு இருந்தது.

அந்தப் படங்களைச் சனம் எப்படி விரும்பியது என்று உங்களுக்குச் சொன்னால் நம்புவீர்களோ தெரியாது. நாட்டில் யுத்தம் முடிந்த வருடம் நான் செட்டிகுளத்து அகதி முகாமில் மலசலகூடம் கட்டுகிற மேசன் வேலைக்குப் போயிருந்தேன். ஒரு நாள் பொதுக் கொட்டிலில் யாரோ ஒரு ரீவியை வைத்து மூன்றாவது படத்தைப் போட்டார்கள். வீடு, வாசல், பிள்ளை என்று எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த சனம். அவ்வளவு பேரும் கழுத்தை நீட்டிக்கொண்டு பார்த்தார்கள். கரடி விழுந்தபோது கைதட்டினார்கள். படம் முடிந்த கையோடு நான் சீமெந்து வாளியைத் தூக்கிக்கொண்டு அந்த வழியால் போக, பிள்ளைகள் என்னைக் கண்டுவிட்டார்கள். கல் எறிந்தார்கள். சிரித்துக்கொண்டுதான் எறிந்தார்கள். நானும் வாளியை வைத்துவிட்டு, இரண்டு கையையும் தூக்கி உறுமிக் காட்டினேன். ஒரு கல் காது மடலைக் கிழித்தது. நாலு தையல். அன்றைக்கு அந்தப் பிள்ளைகளுக்கு எறிய ஒரு ஆள் தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

கண்ணைப் பற்றிக் கேட்டீர்கள். அது மூன்றாவது படத்தின் கடைசிச் சண்டையில் நடந்தது. அடி முகத்துக்கு ஒரு சாண் முன்னால் நிற்க வேண்டும் என்பதுதான் எங்களுக்குள் இருந்த ஒழுங்கு. முதல் இரண்டு படத்திலும் செல்வநாயகம் அப்படித்தான் நிறுத்தினார். அன்றைக்குச் சனம் நிறைய வந்திருந்தது. பெண்களும் வந்திருந்தார்கள். அவர் நிறுத்தவில்லை. முதல் அடி மூக்குத்தண்டை உடைத்தது. இரண்டாவது அடியில் முன்பல் ஒன்று உதட்டைக் குத்திக்கொண்டு வெளியே வந்தது. மூன்றாவது அடி இடது கண்ணில். கண்ணுக்குள் ஏதோ நெருப்புக்குச்சி உரசியதுபோல் இருந்தது, பிறகு வெந்நீர் வழிந்ததுபோல் இருந்தது. கமெரா ஓடிக்கொண்டிருந்ததால் நான் முறைப்படி விழுந்தேன். படத்தில் நீங்கள் பார்க்கிற இரத்தம் என்னுடைய இரத்தம்தான்.

நாலு நாள் கழித்து ஆஸ்பத்திரிக்குத் தோடம்பழம் கொண்டுவந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, "சீன் நல்லா வந்திட்டுது, வீரையா. சனம் எழும்பி நிண்டு பாக்கப்போகுது" என்றார்.

சனம் எழும்பி நின்றுதான் பார்த்தது. நான் அவரை அன்றைக்கே மன்னித்துவிட்டேன். இதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். பழிவாங்கினான் என்று பிறகு யாரும் எழுதக் கூடாது. அந்தக் கண்ணில் இப்போது வெளிச்சமும் நிழலும் மட்டும் தெரியும். ஒற்றைக் கண்ணால் உயரத்தில் நின்று வேலை செய்ய முடியாது, கால் வைக்கிற இடத்தின் ஆழம் பிடிபடாது. அதனால் மேசன் வேலையில் சாரம் ஏறுவதை விட்டுவிட்டு, தரையில் இருந்தபடி செய்கிற வேலைக்கு மாறினேன். கல்யாண மண்டபங்களுக்கு, பெரிய வீடுகளுக்கு பிளாஸ்ரரில் பூவும் கொடியும் வார்த்துக் கொடுப்பேன். மற்றவர்கள் ஏறி ஒட்டுவார்கள். நெளுக்குளத்தில் என் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டிலில் அந்த வேலை நடக்கிறது. நீங்கள் போய்ப் பார்த்துவிட்டீர்கள்தானே.

லக்ஷன் என்னைத் தேடி அந்தக் கொட்டிலுக்குத்தான் வந்தான். இருபத்தாறு வயது. நல்ல கமெரா வைத்திருக்கிறான். இணையத்தில் அவன் போடுகிற குறும்படங்களை வெளிநாட்டில் இருக்கிறவர்களும் பார்க்கிறார்கள். வந்தவன் என் காதைப் பார்த்துவிட்டுச் சொன்னான்:

"முகாமில உங்களுக்குக் கல்லெறிஞ்ச பெடியளில நானும் ஒருத்தன், அண்ணை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ. அந்தப் படம் இல்லாட்டி நான் கமெரா தூக்கியிருக்க மாட்டன்."

முதிரை நான்கு எடுக்கப் போவதாகச் சொன்னான். பழைய ஆட்களை வைத்து அல்ல. முதிரையின் மகளும் கரடியின் மகளும். இரண்டு பெண் பிள்ளைகள் ரிங்கில். செல்வநாயகத்தின் மகள் சாரங்கா ஓம் என்று சொல்லிவிட்டாள். என் மகள் சிவரூபி சம்மதித்தால் போதும். செல்வநாயகம் மகளின் மூலையில் நிற்பார், நான் என் மகளின் மூலையில் நிற்க வேண்டும். பழைய சனம் எங்களையும் பார்க்கும், புதிய சனம் பிள்ளைகளைப் பார்க்கும்.

"யார் வெல்லுறது?" என்று கேட்டேன்.

அவன் சிரித்தான். "படத்தின்ர பேர் முதிரை எல்லோ, அண்ணை."

சிவரூபியைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். அவள் நடிகை அல்ல, உண்மையான குத்துச்சண்டைக்காரி. பள்ளிக்கூடத்தில் அவளைக் கரடிக்குட்டி என்று கூப்பிடுவார்கள். பதினாலு வயதில் அப்படிக் கூப்பிட்ட ஒருத்தியை அடித்துவிட்டுப் பள்ளி அதிபரின் அறையில் நின்றவளை, அங்கே இருந்த விளையாட்டு ரீச்சர் கூட்டிக்கொண்டு போய் கையுறை மாட்டிவிட்டார். வட மாகாணத்தில் இரண்டு தடவை தங்கம், தேசிய மட்டத்தில் ஒரு வெண்கலம். அவளுடைய திறமை பலமாக அடிப்பதில் இல்லை. அடியை நினைத்த இடத்தில் நிறுத்துவாள். காற்றில் தொங்குகிற நூலைக் குத்தச் சொன்னால், நூல் ஆடாமல் அதற்கு முன்னால் கையை நிறுத்திக் காட்டுவாள். அப்படிப்பட்ட பிள்ளை, மூன்று மாதம் பழகிய ஒருத்தியிடம் அடி வாங்கி விழ வேண்டும். அவளும் கரடி. வன்னி முழுக்க அவள் விழுவதைப் பார்த்துக் கைதட்ட வேண்டும்.

அவளிடம் சொன்னபோது அவள் கவலைப்படவில்லை. "படம்தானே அப்பா" என்றாள்.

நெளுக்குளத்தைத் தாண்டி, பூட்டிக் கிடந்த அரிசி ஆலை ஒன்றில் ரிங் போட்டார்கள். அங்கேதான் மூன்று மாதம் பழக்கம் நடந்தது. சிவரூபி சாரங்காவுக்குக் கால் வைக்கக் கற்றுக்கொடுத்தாள். கையைக் கன்னத்தோடு வைத்திருக்கக் கற்றுக்கொடுத்தாள். பழகி முடிய இரண்டு பேரும் ஒரே ஸ்கூட்டியில் எங்கள் வீட்டுக்கு வருவார்கள். சாரங்கா குசினிக்குள் போய் நிலத்தில் இருந்து, என் மனைவி சுடச்சுடப் போடுகிற ரொட்டியைச் சம்பலோடு தின்பாள். பல்கலைக்கழகத்தில் படிக்கிற பிள்ளை, ஆனால் அதைக் காட்டிக்கொள்ள மாட்டாள். என்னை மாமா என்று கூப்பிடுவாள்.

"மாமா, ரூபி அடிக்கேக்குள்ள என்னில காத்து மட்டும்தான் படுகுது. அந்தக் காத்துக்கே எனக்குப் பயமாக் கிடக்கு" என்று சொல்லிச் சிரிப்பாள்.

ஒரு நாள் என் கண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "அப்பா அந்த மூண்டாம் படத்தை வீட்டில போட விடமாட்டார், மாமா. நான் களவாப் பாத்தனான்" என்றாள். நான் அவளுக்கு இன்னொரு ரொட்டி போடச் சொன்னேன். அவளோடு எனக்கு ஒரு கோபமும் இருக்கவில்லை. நல்ல பிள்ளை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இனி நீங்கள் கேட்ட விஷயம். கையுறைக்கு உள்ளே கையில் சுற்றுகிற பண்டேஜை எப்போதும் நான்தான் சிவரூபிக்குக் கட்டுவேன். முதல் போட்டியிலிருந்து அப்படித்தான். வேறு யாரும் கட்டினால் அவளுக்குக் கை சரிவராது. படப்பிடிப்புக்கு முதல் நாள் பின்னேரம் கொட்டிலில் இருந்து அந்தப் பண்டேஜில் பிளாஸ்ரர் தூளைத் தேய்த்தேன். தூள் காய்ந்திருக்கும் வரைக்கும் அது துணிதான். ஈரம் பட்டுக் கொஞ்ச நேரம் போனால் கல். என் கையில் சுற்றி, நனைத்து, காய விட்டு, வேலியில் நட்ட கதியால் தடியைக் குத்திப் பார்த்தேன். பட்டை உரிந்து வெள்ளை தெரிந்தது. பிறகு அதை வெட்டி எறிந்துவிட்டு, புதுப் பண்டேஜில் திரும்பவும் தேய்த்து, ஒழுங்காகச் சுருட்டிப் பையில் வைத்தேன். மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து தந்தாள். குடித்தேன்.

அடுத்த நாள் சனிக்கிழமை. மூன்று மணிக்கே அரிசி ஆலை நிறைந்துவிட்டது. முந்நூறு பேருக்குக் குறையாது. உடையார்கட்டிலிருந்து ஒரு பஸ் பிடித்து வந்திருந்தார்கள். பழைய படங்களின் சீடியைக் கையில் வைத்திருந்தவர்களைக் கண்டேன். செல்வநாயகம் வந்து மகளின் மூலையில் ஏறியவுடன் "முதிரை, முதிரை" என்று ஆலைத் தகரம் அதிரக் கத்தினார்கள். நான் ஏறியபோது ஊளையிட்டார்கள். அன்பாகத்தான். நான் உறுமிக் காட்டினேன்.

முதலாவது ரவுண்ட் நல்லபடியாகப் போனது. சிவரூபியின் அடிகள் காற்றில் நின்றன. சாரங்கா அழகாகக் கால் வைத்தாள். ரவுண்ட் முடிந்து என் மகள் மூலைக்கு வந்து கதிரையில் இருந்தாள். வியர்த்திருந்தாள். நான் போத்தல் தண்ணீரை அவளுடைய தலையில் ஊற்றினேன். பிறகு இரண்டு கையுறையின் வாய்க்குள்ளும் ஊற்றினேன். சூட்டுக்கு நல்லது என்றேன். கமெராவில் ஏதோ மாற்ற வேண்டும் என்று லக்ஷன் கால்மணி நேரம் எடுத்தான். அது எனக்கு வசதியாகப் போனது. பிளாஸ்ரர் இறுகும்போது லேசாகச் சுடும்.

"அப்பா, கை சுடுகுது. கல்லு மாதிரிக் கிடக்கு."

"புதுப் பண்டேஜ் அப்பிடித்தான் இருக்கும், பிள்ளை."

அவள் என் முகத்தைப் பார்த்தாள், தலையை ஆட்டினாள். நான் சொன்னால் அவளுக்கு வேறு பேச்சில்லை.

இரண்டாவது ரவுண்டில் இலேசாகத் தொட்டு அடிக்க வேண்டும் என்று ஏற்கெனவே பேசியிருந்தார்கள். சாரங்காதான் அப்படிக் கேட்டவள். தொடாமல் அடித்தால் சனம் சிரிக்கும் என்றாள். சிவரூபி எப்போதும் தொடுகிற அளவுக்குத்தான் தொட்டாள். ஆனால் பாரம் ஏறிய கை நினைத்த இடத்தில் நிற்காது, ஐயா. முதல் தொடுகையில் சாரங்காவின் புருவம் பிளந்தது. மாம்பழத்தைக் கீறியதுபோல் தோல் விரிந்து, ஒரு நொடி வெள்ளையாக நின்று, பிறகு நிறைந்து வழிந்தது. இரண்டாவது தொடுகை விலாவில். ஒரு சத்தம் கேட்டது. எனக்குக் கேட்டது, சனத்துக்குக் கேட்டிருக்காது. சாரங்கா வாயைத் திறந்து மூச்சைத் தேடினாள். ஆனாலும் கையை இறக்கவில்லை. சனம் எழும்பிவிட்டது. லக்ஷன் கமெராவை நிறுத்தவில்லை. அவனைக் குறை சொல்ல மாட்டேன். அப்படி ஒரு காட்சி கிடைத்தால் யாரும் நிறுத்த மாட்டார்கள்.

மணி அடித்தது. சிவரூபி ஓடி வந்தாள்.

"அப்பா, சாரங்காவுக்கு இரத்தம் வருகுது. கழட்டிப் பாருங்கோ, கையில என்னவோ கிடக்கு."

"அது சாயம். லக்ஷன் வைச்சுவிட்டவன்" என்றேன். "படம் ஓடுது, பிள்ளை. குழப்பாத."

எதிர் மூலையில் செல்வநாயகம் மகளின் நெற்றியைத் துவாயால் ஒற்றிக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் தலை மோதிக்கொண்டார்கள் என்று நினைத்திருப்பார். "நல்லா வருகுது பிள்ளை, விடாத. இன்னும் ஒரு ரவுண்ட்தான்" என்று அவர் சொன்னது எனக்குக் கேட்டது. அப்போது சாரங்கா ஒரு கையுறையைத் தூக்கினாள். எங்கள் பக்கம் பார்த்துத்தான் தூக்கினாள். போதும் என்கிறாளா, கொஞ்சம் பொறு என்கிறாளா, தெரியாது. சிவரூபி திரும்பப் பார்த்தாள். நான் அவளுடைய கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்து என் பக்கம் திருப்பிக்கொண்டேன். நீங்கள் அந்த வீடியோவைப் பார்த்திருப்பீர்கள். தகப்பன் மகளுக்குத் தைரியம் சொல்வதுபோல்தான் இருக்கும்.

மணி அடிக்கும் வரைக்கும் பிடித்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது ரவுண்டுக்கு லக்ஷன் பழைய படத்தின் அதே மூன்று அடியை வைத்திருந்தான். பார்க்கிறவர்களுக்கு உடனே பிடிபடும். மூக்கு, வாய், இடது கண். சிவரூபி ஒழுங்கு தவறாமல் செய்தாள். முதல் அடியில் மூக்கு ஒரு பக்கமாகப் படுத்துவிட்டது. இரண்டாவது அடியில் வாயில் இருந்த பற்காப்பு இரத்தத்தோடு கயிற்றுக்கு வெளியே போய் விழுந்தது. மூன்றாவது அடிக்கு முன்னால் என் மகளின் கை தயங்கியதை நான் கண்டேன். நிறுத்தப் பார்த்தாள். கை நிற்கவில்லை. கண்ணுக்கும் காதுக்கும் இடையில் பட்டது. விறகு வெட்டும்போது காய்ந்த கொம்பு முறிகிற சத்தம். சாரங்காவுக்கு விழத் தெரியாது. முழங்கால் மடங்கவில்லை, இடுப்பு மடங்கவில்லை. நின்ற வாக்கில் சரிந்தாள். தலைதான் முதலில் பலகையில் பட்டது.

எல்லாரும் கைதட்டினார்கள். ஒரு நிமிடத்துக்குக் கிட்டத் தட்டினார்கள். செல்வநாயகமும் இரண்டு தடவை தட்டினார். பிறகு கயிற்றுக்கு அடியால் குனிந்து உள்ளே வந்தார். அதன் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். பிள்ளை மறுநாள் மதியத்துக்கு முதல் செத்துப்போனது.

இந்த இடத்தில் ஒரு கேள்வி உங்களுக்கு வரும். மூன்றாவது ரவுண்டில் விழ வேண்டியவள் கரடியின் மகள் அல்லவா, பிறகு எப்படி அவள் அடிப்பதாக வந்தது என்று. அதைச் சொல்ல மறந்துவிட்டேன். படப்பிடிப்புக்கு ஒரு கிழமைக்கு முதல் முடிவை மாற்றிவிட்டார்கள். சாரங்காதான் மாற்ற வைத்தவள். இந்த முறை கரடி வெல்லாவிட்டால் தான் நடிக்க மாட்டேன் என்று லக்ஷனிடம் சொல்லியிருக்கிறாள். புதுத் தாளைச் சிவரூபி கொண்டுவந்து என்னிடம் காட்டினாள். குசினிக்கும் கொட்டிலுக்குமாக இரண்டு தடவை ஓடினாள். "அப்பா, நான் வெல்லுறன். உங்களுக்காகத்தானாம். அவள் அப்பிடித்தான் சொன்னவள்" என்றாள்.

நல்லது என்றேன். அதற்குப் பிறகுதான் தூளை எடுத்து வைத்தேன்.

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். விளக்கிச் சொல்கிறேன். விட்டுக்கொடுத்துத் தருகிற வெற்றி வெற்றியா, ஐயா? வயலில் வேலை முடிந்து போகும்போது, இந்தா கொண்டு போ என்று ஒரு பை நெல்லைத் தூக்கிக் கொடுப்பார்களே, அதைப்போல. என் மகளுக்கு அப்படி ஒன்று தேவையில்லை. அவள் உண்மையாகவே வெல்லக் கூடியவள். நான் செய்தது முழுக்க அவளுக்காகத்தான்.

ரிங்கிலிருந்து இறங்கியவுடன் ஆலைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய்க் கையுறையைக் கழற்றினேன். பண்டேஜை வெட்ட வேண்டியிருந்தது, அவிழ்க்க வரவில்லை. அவளுடைய விரல் முட்டிகள் வீங்கி நீலமாக இருந்தன. உள்ளே மூன்று எலும்பு முறிந்திருந்தது பிறகுதான் தெரியும். கை முழுக்க வெள்ளை. அவள் அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பண்டேஜை உமிக் குவியலுக்குள் புதைத்தேன். நீங்கள் தேடினால் கிழக்குச் சுவரோரம் இருக்கும்.

அன்று பின்னேரமே அவளைக் கொண்டுபோய்விட்டீர்கள். மறியல் சிறைக்குப் போய் ஒரு தடவைதான் பார்த்தேன். அந்தக் கைக்கு இப்போது ஆஸ்பத்திரியில் பிளாஸ்ரர் போட்டிருக்கிறார்கள். கட்டினவர் நல்ல வேலைக்காரர், ஓரங்கள் சுத்தமாக இருந்தன. அவள் கம்பிக்குக் கிட்ட வந்து குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "நான் ஒண்டும் சொல்லேல்லை, அப்பா. நீங்களும் ஒண்டும் சொல்லாதேங்கோ. அம்மா தனிச்சுப் போவா." நான் போகும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை.

ஒன்பது நாள் நான் ஒன்றும் சொல்லவில்லை. பத்தாம் நாள், அதாவது நேற்று, செல்வநாயகம் எங்கள் வீட்டுக்கு வந்தார். எத்தனை வருடமாகப் பழக்கம், என் வீட்டுப் படலையை அவர் திறந்து வந்தது அதுதான் முதல் தடவை. கதிரையில் இருந்தார். மனைவி தேத்தண்ணி வைத்தாள். அவர் கோப்பையை ஒரு பக்கம் தள்ளி வைத்தார்.

"பொலிஸில எழுதிக் குடுத்திட்டன், வீரையா. விபத்து எண்டு. பிள்ளையள் ரெண்டும் ஆசைப்பட்டுச் செய்ததுகள். ரூபியை விடச் சொல்லிக் கேட்டனான். என்ர பிள்ளை இருந்தாலும் அதைத்தான் கேட்டிருக்கும்."

மனைவி சுவரோடு சாய்ந்து நின்று அழுதாள். வெள்ளிக்கிழமை வழக்கு, அன்றைக்கே விட்டுவிடுவார்கள் என்று சட்டத்தரணி சொன்னதாகச் செல்வநாயகம் சொன்னார். பிறகு என் பக்கம் குனிந்து, என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, இடது கண்ணைப் பார்த்தார்.

"பத்தொன்பது வருசமா நான் உன்னட்ட ஒண்டு கேக்காமல் விட்டிட்டன். நான் உனக்குச் செய்தது எனக்குத் தெரியும். வேணுமெண்டுதான் செய்தனான். அதுக்குத்தான் இது. இது கடவுள் எனக்குத் தந்த அடி, வீரையா."

நான் கையை இழுத்துக்கொண்டேன். தேத்தண்ணி ஆறுகிறது என்று சொன்னேன். அவர் குடிக்காமலே எழும்பிப் போனார்.

அதற்குப் பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அந்த மனிதர் கடவுளுக்கு நன்றி சொல்வதுபோல் பேசிவிட்டுப் போகிறார். கோயிலுக்குப் போய் நேர்த்தி வைப்பார். கொஞ்ச நாளில் மனம் ஆறும். விபத்து என்று உங்கள் புத்தகத்தில் எழுதி மூடிவிடுவீர்கள். விடியக் காலையில் நான் சட்டையைப் போட்டுக்கொண்டு வெளிக்கிட, மனைவிக்கு விளங்கிவிட்டது. படலையை மறித்துக்கொண்டு நின்றாள். "பேசாம இருங்க. வெள்ளிக்கிழமை புள்ள வந்துரும். அவ கேட்டது அது ஒண்ணுதானே" என்றாள். அவளை மெதுவாக ஒரு பக்கம் தள்ளிவிட்டு வந்தேன். முரட்டுத்தனமாகத் தள்ளவில்லை.

நான் இப்படிச் சொன்னதால் வெள்ளிக்கிழமை சிவரூபியை விடுவது கஷ்டம் என்கிறீர்கள். கையில் இருந்தது என்னவென்று அவளுக்குத் தெரியுமா என்று புதிதாக விசாரிக்க வேண்டும் என்கிறீர்கள். விசாரியுங்கள். அது உங்கள் கடமை. அவளுக்குத் தெரியாது. மூலையில் இருந்தபடி இரண்டு தடவை கேட்டாள், நான் இரண்டு தடவையும் பொய் சொன்னேன். அவள் நம்பினாளா என்பது எனக்குத் தெரியாது.

எழுதியதை ஒரு தடவை வாசித்துக் காட்டுங்கள், கையெழுத்து வைக்கிறேன். செல்வநாயகத்துக்கும் ஒரு பிரதி போகுமா? போக வேண்டும். ஒரு இடத்தை மட்டும் சரியாக எழுதுங்கள், ஐயா. அந்த மூன்றாவது அடியை விபத்தின் பேரில் எழுத வேண்டாம். கடவுளின் பேரில் எழுத வேண்டாம். என் மகளின் பேரிலும் எழுத வேண்டாம். அது என்னுடையது.